ஃபோர்ப்ளே: நான்கு பக்கவாத்தியக்காரர்கள் சேர்ந்து நடத்திய கச்சேரி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்மூத் ஜாஸ் என்ற மென்மையான ஜாஸ் வகையில் எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஃபோர்ப்ளே. சொன்ன பிறகு திரும்பி வரும் கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையும், பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே ஒன்றாக வைக்கிறேன்.

ஃபோர்ப்ளே என்பது யார்?

அமெரிக்க நால்வர் குழு. பியானோ, கீபோர்டு வாசிப்பவர் பாப் ஜேம்ஸ். பேஸ் கிட்டாரும் அவ்வப்போது குரலும் நேதன் ஈஸ்ட். டிரம்ஸ் ஹார்வி மேசன். இந்த மூவரும் முதல் நாளிலிருந்து மாறவில்லை. கிட்டார் நாற்காலியில் மட்டும் மூன்று பேர் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்: முதலில் லீ ரிட்டனோர், பிறகு லாரி கார்ல்டன், அப்புறம் சக் லோப். முதல் ஆல்பம் 1991-இல் வந்தது.

இவர்களைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நால்வருமே செஷன் இசைக்கலைஞர்களாகப் பெயர் வாங்கியவர்கள். அதாவது, வேறொருவர் பாட்டுக்கு ஸ்டுடியோவில் போய் வாசித்துக் கொடுப்பவர்கள். நம் பாஷையில் சொன்னால் முதல்தரப் பக்கவாத்தியக்காரர்கள். அப்படிப்பட்ட நான்கு பேர் பாடகர் இல்லாமல் மேடையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? யார் முன்னால் வருவது, யார் பின்னால் போவது என்று ஒவ்வொரு நொடியும் தாங்களே முடிவுசெய்ய வேண்டும். ஃபோர்ப்ளேயை நான் விரும்பிக் கேட்பதே அந்த முடிவுகளைக் கவனிப்பதற்காகத்தான்.

குழு எப்படி ஆரம்பித்தது?

திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. பாப் ஜேம்ஸ் 1990-இல் 'கிராண்ட் பியானோ கேன்யன்' என்று ஒரு தனி ஆல்பம் போட்டார். அதன் ஒலிப்பதிவுக்கு ரிட்டனோர், ஈஸ்ட், மேசன் மூவரையும் அழைத்திருந்தார். ஹார்வி மேசனும் பாப் ஜேம்ஸும் எழுபதுகளிலேயே சேர்ந்து வேலை செய்தவர்கள். ரிட்டனோரும் ஈஸ்ட்டும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் தினம் வாசிப்பவர்கள். நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தபோது ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டது. இதை ஒருவருடைய ஆல்பத்தோடு விட்டுவிடக்கூடாது, ஒரு குழுவாகவே நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட முன்வந்தது.

முதல் ஆல்பம் வந்தபோது பாப் ஜேம்ஸுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மேசனுக்கு நாற்பத்து நான்கு. இளம் வயதில் கராஜில் கூடி, சண்டை போட்டு, வளர்ந்து, உடையும் ராக் குழுக்களின் கதை இது இல்லை. நால்வருக்கும் பெயரும் வேலையும் ஏற்கெனவே இருந்தன. அதனால்தான் அந்த முதல் ஆல்பத்தில் எதையும் நிரூபித்துக் காட்டும் பதற்றம் துளியும் இல்லை என்று நினைக்கிறேன்.

பெயர் ஒரு மாதிரியாக இருக்கிறதே?

நால்வர் வாசிப்பது என்று ஒரு பொருள். ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லுக்குக் காதல் விளையாட்டு என்று பொருள். இரண்டையும் தெரிந்தேதான் வைத்தார்கள். முதல் ஆல்பத்தில் அந்த இன்னொரு எழுத்துக்கூட்டலில் ஒரு உருப்படியே இருக்கிறது.

பாப் ஜேம்ஸ் இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?

நிறைய. மிசௌரி மாநிலத்தின் மார்ஷல் என்ற சின்ன ஊரில் 1939 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தார். கல்லூரி மாணவர்களுக்கான ஜாஸ் போட்டி ஒன்றில் இவரைக் கவனித்தவர் இசைத் தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ். அதன் விளைவாக 1963-இல் முதல் ஆல்பம் வந்தது. பிறகு சில வருடங்கள் பாடகி சாரா வானுக்கு இசை இயக்குநராக இருந்தார். ஒரு பெரிய பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் மூச்சு விடும் இடம் பார்த்து வாசிக்கும் பயிற்சி அங்கே கிடைத்தது.

எழுபதுகளில் கிரீட் டெய்லர் நடத்திய சி.டி.ஐ. நிறுவனத்தில் இசை ஒழுங்கமைப்பாளராக இருந்தார். அங்கேயே 'ஒன்' (1974), 'டூ' (1975) என்று தன் பெயரில் ஆல்பங்கள் போட்டார். 1978-இல் ஆரம்பித்த 'டாக்ஸி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசை இவருடையது. அதை அவர் முகப்புக்காக எழுதவே இல்லை. ஒரு அத்தியாயத்தில் வரும் ஏஞ்சலா என்ற பெண் பாத்திரத்துக்காக எழுதிய மெட்டு. தயாரிப்பாளர்களுக்கு அது பிடித்துப்போய் தொடரின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். இன்றும் அவர் மேடையில் அந்த மெட்டைத் தொட்டதும் கைதட்டல் எழும்.

ஹிப்-ஹாப் கேட்பவர்கள் பாப் ஜேம்ஸ் பெயரைச் சொல்கிறார்களே, ஏன்?

'ஒன்' ஆல்பத்தின் கடைசி உருப்படி 'நாட்டிலஸ்'. ஃபெண்டர் ரோட்ஸ் மின் பியானோ, கேரி கிங்கின் பேஸ், இத்ரிஸ் முகமதுவின் டிரம்ஸ். கொஞ்சம் மர்மமான, இருட்டுக்குள் நீந்துவது போன்ற ஒலி. 'டூ' ஆல்பத்தில் பால் சைமனின் 'டேக் மீ டு த மார்டி கிராஸ்' பாட்டை எடுத்து வாசித்திருப்பார். அதன் தொடக்கத்தில் மணியொலியும் டிரம்ஸும் சேர்ந்து சில நொடிகள் வரும். நியூயார்க்கின் டி.ஜே.க்கள் அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓட்டி, அதன்மேல் சொற்கட்டு போட்டார்கள். ரன்-டி.எம்.சி. என்ற ஹிப்-ஹாப் குழுவின் 'பீட்டர் பைப்பர்' (1986) அதில் புகழ்பெற்றது. அதற்குப் பிறகு கணக்கே இல்லை.

மென்மையான இசை என்று ஓரங்கட்டப்பட்ட ஒருவருடைய தாளம்தான் தெருவிலிருந்து எழுந்த இசைக்கு அடித்தளத்தில் கிடக்கிறது. ஸ்மூத் ஜாஸில் தாளம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் 'நாட்டிலஸ்' போட்டுக் காட்டுவேன்.

நேதன் ஈஸ்ட் பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது.

பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் வாசிப்பைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். எரிக் கிளாப்டனின் 'அன்ப்ளக்டு' (1992) ஆல்பத்தில் பேஸ் இவர். டாஃப்ட் பங்க்கின் 'கெட் லக்கி' (2013) பாட்டிலும் பேஸ் இவர். பில் காலின்ஸும் ஃபிலிப் பெய்லியும் பாடி உலகமெங்கும் ஓடிய 'ஈஸி லவர்' (1984) பாட்டை அவர்களோடு சேர்ந்து எழுதியவரும் இவர்தான். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து சான் டியாகோவில் வளர்ந்தவர்.

ஃபோர்ப்ளேயில் இவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பேஸில் ஒரு வரியை வாசிக்கும்போது அதே வரியை வாயாலும் பாடுவார். சொல் எதுவும் இருக்காது, ஸ்வரம் மட்டும். விரலும் குரலும் ஒன்றாக நகரும். முதல் ஆல்பத்தில் '101 ஈஸ்ட்பவுண்ட்' என்ற உருப்படியில் கேளுங்கள். கம்பியின் அதிர்வு எங்கே முடிகிறது, தொண்டை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நல்ல ஹெட்போனில் கேட்டால், ஒரு வரியின் முடிவில் குரல் ஒரு இழை கூடுதலாக நீண்டு, மூச்சாகக் கரைவது தெரியும்.

ஹார்வி மேசன்?

1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர். பெர்க்லி இசைக் கல்லூரியிலும் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியிலும் படித்தவர். ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) ஆல்பத்தில் டிரம்ஸ் இவர். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று ஜாஸ் வரலாற்றையே திருப்பிப்போட்ட ஆல்பம் அது. அதன் முதல் உருப்படி 'கமீலியன்' எழுதிய நால்வரில் இவரும் ஒருவர். அந்த ஆல்பம் வெளியானதும் உலகம் சுற்றக் கிளம்பியிருக்கலாம். ஆனால் இவர் ஸ்டுடியோ வேலையிலேயே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். ஜார்ஜ் பென்சனின் 'ப்ரீஸின்' (1976) உட்பட அந்தக் காலத்தில் வானொலியில் ஒலித்த எத்தனையோ தாளம் இவர் கையால் விழுந்தது.

இவருடைய மகன் ஹார்வி மேசன் ஜூனியரும் இசைத் தயாரிப்பாளர்தான். கிராமி விருது வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர்.

முதல் ஆல்பம் அவ்வளவு பெரிய வெற்றியா?

ஆமாம். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த 1991 ஆல்பம் பில்போர்டு பத்திரிகையின் தற்கால ஜாஸ் பட்டியலில் 33 வாரம் முதலிடத்தில் இருந்தது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. பாடகர் பெயர் அட்டையில் இல்லாத ஒரு இசைத்தட்டுக்கு இது சாதாரணம் இல்லை.

ஒரு பாட்டு மட்டும் உண்டு. மார்வின் கே 1976-இல் பாடிய 'ஆஃப்டர் த டான்ஸ்' பாட்டைப் பாடகர் எல் டிபார்ஜ் குரலில் மறுபடி செய்தார்கள். அது கறுப்பின மக்கள் கேட்கும் ஆர் அண்ட் பி வானொலிகளில் பெரிதாக ஓடியது. ஜாஸ் என்றாலே தள்ளிப் போகிறவர்கள் அந்தப் பாட்டின் வழியாக உள்ளே வந்து, 'பாலி ரன்', 'மேக்ஸ்-ஓ-மேன்' எல்லாம் கேட்டுவிட்டுத் தங்கிவிட்டார்கள்.

நால்வரும் பெரிய வாத்தியக்காரர்கள். பிறகு ஏன் யாருமே வேகம் காட்டுவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குழுவில் பியானோவும் கிட்டாரும் சேர்ந்து இருப்பது உண்மையில் ஒரு சிக்கல். இரண்டுமே பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தும் வாத்தியங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பேசுபவை. இருவரும் ஒரே நேரத்தில் நிறைவாக வாசித்தால் சேறு கலங்கிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பாப் ஜேம்ஸுக்குப் பத்து விரலும் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வலது கையின் இரண்டு மூன்று விரலோடு நிறுத்திக்கொள்வார். அடிஸ்தாயியைப் பெரும்பாலும் தொடமாட்டார், அது நேதன் ஈஸ்ட்டின் வீடு. கிட்டார் மெட்டை எடுத்துப் போகும்போது பியானோ வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பதில் சொல்லும். அடுத்த சுற்றில் இருவரும் மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். அப்போது ஒன்றின் உலோக மினுக்கும் இன்னொன்றின் மரத்தன்மையும் கலந்து, இரண்டிலுமே இல்லாத மூன்றாவது ஒரு ஒலி பிறக்கும்.

மேசன் பக்கம் பாருங்கள். அவர் நினைத்தால் மொத்தக் குழுவையும் அமுக்கிவிடலாம். அவரோ ஹை-ஹாட் என்று சொல்லப்படும் அந்த இரட்டைத் தட்டை ஒரே தாளத்தில் அடித்தபடி, ஒவ்வொரு அடியின் அழுத்தத்தையும் லேசாக மாற்றிக்கொண்டே போவார். கடிகாரம் போலத் தோன்றும், ஆனால் மூச்சு விடும் கடிகாரம். அரைவாசிப் பாட்டு போன பிறகுதான் ஒரு பக்கத் தட்டின் விளிம்பைத் தொடுவார். அதுவரை காத்திருந்ததால் அந்த ஒரு தொடுகை ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம் பல ஆயிரம் மணி நேரம் மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்தவர்களுக்கு மட்டும் வரும் அடக்கம். பாடகரின் சொல்லை மறைக்கக்கூடாது என்று பழகிய கை, பாடகர் இல்லாதபோதும் அந்த இடத்தை விட்டு வைக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் கேட்பவர் உட்காருகிறார்.

இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்கள் எப்படி?

'பிட்வீன் த ஷீட்ஸ்' (1993) இரண்டாவது. பட்டியலில் முதலிடம், கிராமி பரிந்துரை இரண்டும் கிடைத்தன. தலைப்புப் பாட்டு ஐஸ்லி பிரதர்ஸுடையது. சாகா கானும் நேதன் ஈஸ்ட்டும் பாடியிருக்கிறார்கள். ஆனால் நான் சொல்லவந்தது அதிலுள்ள 'லில் டார்லின்' பற்றி. நீல் ஹெஃப்டி எழுதி கவுண்ட் பேஸி இசைக்குழு 1957-இல் பதிவுசெய்தது. மிக மெதுவாக வாசிப்பதற்காகவே பெயர்பெற்ற உருப்படி. மெதுவாக வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கஷ்டம். விளம்பகாலத்தில் பாடிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஃபோர்ப்ளே அதை எடுத்துக்கொண்டதே ஒரு அறிக்கை மாதிரி. நாங்கள் இந்த மரபிலிருந்து வந்தவர்கள், மறக்கவில்லை என்கிறார்கள்.

'எலிக்ஸிர்' (1995) மூன்றாவது. பில் காலின்ஸ் வந்து தன் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். 'ஈஸி லவர்' காலத்து நட்பு. பாட்டி ஆஸ்டினும் பீபோ பிரைசனும் சேர்ந்து 'த க்ளோஸர் ஐ கெட் டு யூ' பாடினார்கள். மூன்று ஆல்பங்களில் இதுதான் மிகவும் பளபளப்பானது. எனக்கு முதலிரண்டும்தான் நெருக்கம்.

லீ ரிட்டனோர் ஏன் விலகினார்?

சண்டை எதுவும் இல்லை. 1997-இல் 'ஐ.இ. மியூசிக்' என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார், அதற்கு நேரம் தேவைப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ரிட்டனோர் பதினாறு வயதிலேயே ஸ்டுடியோவில் வாசிக்கத் தொடங்கியவர். விரல் வேகத்துக்காக 'கேப்டன் ஃபிங்கர்ஸ்' என்று பட்டப்பெயர். பிரேசில் இசைமேல் பெரிய காதல் கொண்டவர். முதல் மூன்று ஆல்பங்களில் நைலான் கம்பிக் கிட்டாரில் வரும் அந்த இதமான ஒளி அவர் கொண்டுவந்தது.

அவருக்குப் பதில் வந்த லாரி கார்ல்டன் யார்?

இந்த மாற்றத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. ரிட்டனோரும் கார்ல்டனும் பல வருடங்கள் லாஸ் ஏஞ்சலஸின் முதல் இரண்டு செஷன் கிட்டார்காரர்கள். வெளியிலிருந்து பார்த்தால் போட்டியாளர்கள். அவர்களே 1995-இல் சேர்ந்து 'லாரி அண்ட் லீ' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். ஆக, இரண்டு வருடம் கழித்து ஒருவர் எழுந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தது இயல்பாக நடந்தது.

கார்ல்டன் குரூசேடர்ஸ் குழுவில் வாசித்தவர். ஸ்டீலி டேனின் 'கிட் சார்லமேன்' (1976) பாட்டில் வரும் கிட்டார் தனிவாசிப்பு இவருடையது. கிட்டார் கற்பவர்கள் இன்றும் அதைச் சுரம் சுரமாகப் பிரித்துப் படிக்கிறார்கள். கையில் எப்போதும் கிப்சன் இ.எஸ்-335 கிட்டார் என்பதால் 'மிஸ்டர் 335' என்றே அழைப்பார்கள்.

1988-இல் இவருடைய ஸ்டுடியோவுக்கு வெளியே யாரோ சுட்டதில் குண்டு தொண்டையில் பாய்ந்தது. குரல் நாணும் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. திரும்ப வாசிக்க முடியுமா என்றே தெரியாத நிலையிலிருந்து பயிற்சி செய்து மீண்டு, அடுத்த வருடமே ஆல்பம் போட்டார். ஃபோர்ப்ளேயில் அவர் ஒரு ஸ்வரத்தை வளைத்து நிறுத்தி வைக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கார்ல்டன் வந்த பிறகு இசை மாறியதா?

மாறியது. ரிட்டனோர் காற்று என்றால் கார்ல்டன் மண். அவரிடம் ப்ளூஸ் என்ற பழைய கறுப்பின இசையின் சாயல் இருக்கிறது. 1998-இல் வந்த நான்காவது ஆல்பத்துக்கு '4' என்றே பெயர். அதிலேயே குழுவின் நடை சற்றுக் கனமாகி, இடைவெளிகள் இன்னும் பெரிதானது தெரியும். அடுத்து 'ஸ்னோபவுண்ட்' (1999) என்று ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம், 'யெஸ், ப்ளீஸ்!' (2000). பிறகு நிறுவனம் மாறி 'ஹார்ட்ஃபெல்ட்' (2002), 'ஜர்னி' (2004), 'எக்ஸ்' (2006). பின்னர் ஹெட்ஸ் அப் நிறுவனத்தில் 'எனர்ஜி' (2008). அதில் எஸ்பரான்சா ஸ்பால்டிங் பாடியிருக்கிறார். அப்போது அவர் இளம் கலைஞர்.

பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் கார்ல்டன் இருந்தார். மூவரில் நீண்ட காலம் இருந்தவர் அவர்தான்.

ஸ்மூத் ஜாஸ் என்றால் லிஃப்டில் ஓடும் இசைதானே?

அப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் அந்தப் பெயரில் உயிரில்லாத இசையும் ஏராளமாக வந்தது. இயந்திரத் தாளம், அதன்மேல் சாக்ஸபோனில் ஒரு இனிப்பான மெட்டு, கடைசி வரை எந்தத் திருப்பமும் இல்லை. அந்த வகையில் எதையாவது கேட்டுவிட்டு மொத்தத்தையும் ஒதுக்கியிருப்பார்கள்.

இந்தப் பெயர் ஒரு வானொலி வகையாகத்தான் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1987-இல் ஒரு ராக் வானொலி நிலையம் ஒரே நாளில் 'த வேவ்' என்று மாறி, மென்மையான வாத்திய இசையை நாள் முழுக்கப் போட ஆரம்பித்தது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. வேலை நேரத்தில், காரில், சாப்பாட்டு மேசையில் தொந்தரவு செய்யாமல் ஓட வேண்டும் என்பது அந்த வானொலிகளின் தேவை. தொந்தரவு செய்யாத இசை என்ற அந்த எதிர்பார்ப்பு பலரை மழுங்கடித்தது. ஃபோர்ப்ளேயும் அதே வானொலிகளால்தான் வாழ்ந்தது, அதை மறுக்க முடியாது. வித்தியாசம் என்னவென்றால், பின்னணியில் ஓடவிட்டாலும் அவர்கள் இசை பழுதில்லை, வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் அடியில் இன்னொரு தளம் இருக்கிறது.

அந்த வானொலிகள் இப்போது என்ன ஆயின?

பெரும்பாலும் போய்விட்டன. நியூயார்க்கின் 101.9 நிலையம் 2008-இல் வேறு வகைக்கு மாறியது. சிகாகோவின் டபிள்யூ.என்.யு.ஏ. 2009-இல். கேட்பவர்கள் எத்தனை பேர் என்று அளக்கும் முறை மாறியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முன்பெல்லாம் மக்களிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுதச் சொல்வார்கள், பிடித்த நிலையத்தை மறக்காமல் எழுதுவார்கள். பிறகு உடம்போடு மாட்டிக்கொள்ளும் மின்கருவி வந்தது. அதில் இந்த நிலையங்களின் எண்ணிக்கை விழுந்தது. விளம்பரமும் போனது. அதே காலத்தில் இசைத்தட்டு விற்பனையும் சரிந்துகொண்டிருந்தது. ஃபோர்ப்ளே தாக்குப்பிடித்ததற்கு நேரடிக் கச்சேரிகள் உதவின. ஜப்பானில் அவர்களுக்கு எப்போதும் நல்ல கூட்டம்.

ஜப்பானோடு என்ன தொடர்பு?

அமெரிக்க ஜாஸ் கலைஞர்களை ஜப்பானிய ரசிகர்கள் பல தலைமுறையாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். 2011-இல் அங்கே பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தபோது பாப் ஜேம்ஸ் ஒரு பாட்டுக்கு இசையமைத்தார், சொற்களை எழுதியவர் அவருடைய மகள் ஹிலரி. 'எஸ்ப்ரி த ஃபோர்' (2012) ஆல்பத்தில் ஜப்பானியப் பாடகி செய்கோ மட்சுடா அதைப் பாடியிருக்கிறார். அலங்காரம் அதிகம் இல்லாத பாட்டு. ஆறுதல் சொல்லப் போன வீட்டில் குறைவாகப் பேசுவது மாதிரி.

கார்ல்டனும் விலகிவிட்டாரா?

2010-இல். தன் சொந்த இசையில் கவனம் செலுத்தப் போனார். அந்த வருடமே ஜப்பானிய கிட்டார் கலைஞர் தக் மட்சுமோட்டோவோடு சேர்ந்து போட்ட ஆல்பம் 2011-இல் கிராமி வென்றது.

சக் லோப் பற்றிச் சொல்லுங்கள்.

ஸ்டான் கெட்ஸ் என்ற சாக்ஸபோன் மேதையின் குழுவில் இளம் வயதில் வாசித்தவர். பிறகு ஸ்டெப்ஸ் அஹெட் குழுவில் இருந்தார். மெட்டு அமைப்பதில் கைதேர்ந்தவர், தயாரிப்பாளரும்கூட. மனைவி கார்மென் குவெஸ்டா ஸ்பானியப் பாடகி.

இருபது வருடம் ஓடிய குழுவில், இரண்டு பெரிய பெயர்களுக்கு அடுத்து வந்து உட்காருவது சுலபம் இல்லை. 'லெட்ஸ் டச் த ஸ்கை' (2010) இவருடைய முதல் ஃபோர்ப்ளே ஆல்பம். அனிதா பேக்கரும் ரூபன் ஸ்டடார்டும் அதில் பாடியிருக்கிறார்கள். முன்னவர்களைப் போல வாசிக்க அவர் முயலவே இல்லை. அவருடைய வாக்கியங்கள் நீளமானவை. ஒரு யோசனையை எடுத்தால் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். குழுவுக்கே அதனால் இளமை திரும்பியது என்பது என் கருத்து.

'சில்வர்' ஆல்பத்தில் என்ன விசேஷம்?

குழுவின் 25 ஆண்டு நிறைவுக்காக 2015-இல் வந்தது. உருப்படிகளின் பெயர்களில் பல வெள்ளியைச் சுற்றியே இருக்கும். 'ஹொராஸ்' என்று ஒன்று, அது பியானோ மேதை ஹொராஸ் சில்வரை நினைவுகூர்கிறது. அவர் அதற்கு முந்தைய வருடம்தான் காலமாகியிருந்தார். பழைய கிட்டார்காரர்கள் இருவரும், ரிட்டனோரும் கார்ல்டனும், விருந்தினராக வந்து வாசித்தார்கள். சாக்ஸபோனில் கர்க் வேலம் வந்தார். விலகிப் போனவர்கள் விழாவுக்குத் திரும்பி வந்து வாசித்தார்கள் என்பதிலிருந்தே இவர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்பது தெரியும்.

அதற்குப் பிறகு?

சக் லோப் 2017 ஜூலை 31 அன்று புற்றுநோயால் காலமானார். வயது 61. 'சில்வர்' தான் குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமாக நிற்கிறது. பாப் ஜேம்ஸ் எண்பது வயதைத் தாண்டியும் புது ஆல்பங்கள் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆல்பத்தை இப்போது கேட்கும்போது லோபின் பகுதிகளில் கை நின்றுவிடுகிறது. அடுத்த உருப்படிக்குத் தாண்ட முடிவதில்லை.

யார் தலைவர்?

யாரும் இல்லை. வயதில் மூத்தவர் பாப் ஜேம்ஸ், அவ்வளவுதான். நால்வருமே உருப்படிகள் எழுதுவார்கள்.

நான் புதிதாகக் கேட்கப் போகிறேன். எந்த வரிசையில்?

முதல் ஆல்பத்திலிருந்து 'பாலி ரன்'. அடுத்து '101 ஈஸ்ட்பவுண்ட்'. பிறகு 'பிட்வீன் த ஷீட்ஸ்' ஆல்பத்தின் 'சான்ட்', உடனே 'லில் டார்லின்'. அங்கிருந்து நேராக கார்ல்டன் வந்த '4' ஆல்பத்துக்குப் போய்விடுங்கள், கிட்டார் மாறியது காதில் பட்டென்று விழும். கடைசியாக 'சில்வர்'. நடுவில் உள்ளவற்றை அப்புறம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் ஆல்பத்தை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியம் கற்றுக்கொள்கிறேன். இவர்களிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

'பாலி ரன்' ஒன்றையே நான்கு முறை கேளுங்கள். முதல் முறை மெட்டை மட்டும். இரண்டாம் முறை மெட்டை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள், ஸ்வரம் எங்கே நிற்கிறது, எங்கே சீக்கிரம் நறுக்கப்படுகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை ஹை-ஹாட் தட்டு. நான்காம் முறை, கிட்டார் முன்னால் இருக்கும் நேரத்தில் பாப் ஜேம்ஸ் என்ன செய்கிறார் என்று தேடுங்கள். சில இடங்களில் அவர் எதுவுமே வாசிக்காமல் இருப்பார். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் உங்கள் வாத்தியத்தில் கூடவே வாசித்துப் பார்க்கும்போது அங்கே கையை எடுத்துவிடுங்கள்.